காருக்கு எதிரே நிற்கிறவர்

கார் ரேஸில் ஓட்டுகிறவனை எல்லோருக்கும் தெரியும். கோப்பையைத் தூக்கிக்கொண்டு நிற்பான், வாயெல்லாம் பல்லாகப் படம் எடுத்துக்கொள்வான், போகட்டும். ஓடி வருகிற அந்தக் காருக்கு எதிரே ஒருத்தர் நிற்பாரே, அவரை யாருக்காவது தெரியுமா? பந்தயத்தின் நடுவில் சக்கரம் மாற்றுவதற்காக வண்டி உள்ளே வரும். தரையில் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம், நீளமான பிடி வைத்த இரும்பு ஜாக்கியைப் பிடித்தபடி ஒரு ஆள் நிற்க வேண்டும். வண்டி நேரே அவர்மேல் வரும். முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நிற்கும். நிற்கும் என்பது ஒரு நம்பிக்கைதான். நின்ற கணமே ஜாக்கியை அதன் மூக்குக்கு அடியில் செருகி, பிடியை அழுத்தி, முன்பக்கத்தைத் தூக்கிவிட வேண்டும். மற்றவர்கள் சக்கரங்களைக் கழற்றி மாட்டுவார்கள். இவர் பயந்து ஒதுங்கினால் அத்தனை பேர் உழைப்பும் பாழ்.

நம்முடைய ஆள் அந்த வேலை பார்த்தவர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. மற்றபடி தொழிற்சாலையிலும் தெருவிலும் அவர் ஜாக்கிதான். அவர் மனைவியின் உறவுக்காரர்கள்கூட "ஜாக்கி வீட்டுக்குப் போறோம்" என்றுதான் சொல்வார்கள்.

அந்த வேலைக்கு அவர் எப்படித் தேர்வானார் என்பதே ஒரு கூத்து. இளவயதில் கார் கம்பெனியின் டயர் கிடங்கில் சுமை தூக்கிக்கொண்டிருந்தார். கம்பெனி ரேஸில் இறங்கிய புதிது. சக்கரம் மாற்றும் குழுவுக்குத் தலைவரான கேப்டன், ஆட்டம் பாட்டம் எல்லாம் வேண்டாம் என்று நேரே ஒரு சோதனை வைத்தார். கிடங்கு ஆட்களை முற்றத்தில் ஒவ்வொருவராக நிற்க வைத்து, அவர்களைப் பார்த்துத் தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். பலசாலி என்று பேர் வாங்கியவனெல்லாம் ஐயோ என்று எகிறிக் குதித்தான். இவர் மட்டும் நின்றார். கார் முட்டிக்குக் கிட்டே வந்து கிறீச்சிட்டு நின்றபோதும் கண் இமைக்கவில்லை. "இவன்தான்டா ஆளு!" என்று கேப்டன் கட்டிப் பிடித்துக்கொண்டார். முந்தின ஷிப்டை முடித்துவிட்டு வந்தவர், தூக்கக் கலக்கத்தில் நின்றாரோ தைரியத்தில் நின்றாரோ, அது இன்றைக்கு வரைக்கும் அவருக்கே சந்தேகம்தான்.

எப்படியோ, அசையாத ஆள் என்ற பேர் ஒட்டிக்கொண்டது. பேர் ஒட்டிக்கொண்டால் பிறகு ஆளே அதற்கேற்ப ஆகிவிடுகிறான். பல வருஷம் பல ஊர்ப் பந்தயங்களில் நின்றார். ஒரு முறைகூடக் கால் பின்வாங்கவில்லை. பிறகு கம்பெனி தோற்க ஆரம்பித்தது. தோற்றது என்றால் அப்படி இப்படித் தோல்வி அல்ல, வரிசையாகத் தோல்வி. கடைசியில் முதலாளிகள் ரேஸையே தலைமுழுகிவிட்டார்கள். பந்தயக் காரை நுழைவாயில் பக்கத்துக் கண்ணாடி அறையில் வைத்துப் பூட்டினார்கள். குழுவில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். கேப்டனைப் பயிற்சிப் பிரிவில் போட்டார்கள். வண்டி ஓட்டியவர் வெளியே போய் டிரைவிங் ஸ்கூல் வைத்துக்கொண்டார். ஜாக்கி கடைசிப் பரிசோதனைப் பிரிவுக்கு வந்தார்.

நல்ல வேலை அது. புதுக் கார் ஒவ்வொன்றையும் சுற்றி வந்து, கதவுக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள இடைவெளியை விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டும். நிற்கிற கார், ஓடாது, வராது. பொழுது சாய்வதற்குள் வீடு. வீட்டில் முன்னறை ஜன்னலோரம் மனைவியின் தையல் மெஷின். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள் அவள். அவள் தைத்துப் போடப் போட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து பித்தான் தைப்பார். ஜாக்கிப் பிடியை அழுத்தின கைக்குள் ஊசி காணாமல் போய்விடும், ஆனாலும் பித்தான் ஒழுங்காக நிற்கும். மகள்கள் இருவரும் பாடத்தைப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அப்பாவைக் கேலி பண்ணிக்கொண்டிருப்பார்கள். அவருக்குத் தொப்பை விழுந்தது. சந்தோஷத்தில் விழுகிற தொப்பை, அதைக் குறை சொல்லக் கூடாது.

இப்படியே போயிருந்தால் இந்தக் கதை இல்லை. ஒரு நாள் பரிசோதனை முற்றத்தில், கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி புதுக் கார் ஒன்றை மெள்ள நகர்த்திக்கொண்டு வந்தாள். ஆமை வேகம். காருக்கு முதுகு காட்டியபடி யாரோடோ பேசிக்கொண்டிருந்த ஜாக்கி திரும்பிப் பார்த்தார். பார்த்த அடுத்த கணம் திட்டின்மேல் இருந்தார். தான் எப்போது குதித்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"என்னண்ணே, பயந்துட்டீங்களா?" என்று அந்தப் பெண் கண்ணாடியை இறக்கிக் கேட்டாள்.

"பயமாவது? கீழ தண்ணி கிடந்துச்சும்மா" என்றார் ஜாக்கி. தரை காய்ந்து கிடந்தது.

அன்றிலிருந்து பிடித்தது சனியன். தன்னைத் தானே சோதித்துப் பார்ப்பதற்காக வண்டி நிறுத்துமிடத்தில் போய் நிற்பார். யாராவது காரைக் கொண்டு வந்து நிறுத்தும்போது அசையாமல் நிற்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொள்வார். மனசு நிற்கும், கால் நிற்காது. ஒவ்வொரு தடவையும் கால் தானாக விலகிவிடும். போகிறது, இனி யார் நம்மைக் காருக்கு முன்னால் நிற்கச் சொல்லப் போகிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. கம்பெனி மறுபடியும் ரேஸுக்குப் போகலாமா என்று யோசிக்கிறதாம்.

இளசுகள் நம் காரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, ரேஸில் ஜெயித்தால்தான் பார்ப்பார்கள் என்று விற்பனைப் பிரிவு அடம் பிடித்தது. போன தடவை பட்டது போதாதா என்று இன்னொரு பிரிவு முறைத்தது. முதலாளியம்மாவும் மற்ற இயக்குநர்களும் கூடிக் கூடிப் பேசினார்கள். முதலாளியம்மா என்பவர் கம்பெனியை ஆரம்பித்தவரின் மகள். அதிகம் பேச மாட்டார், கேட்டுக்கொண்டே இருப்பார், கடைசியில் ஒரு வார்த்தை சொல்வார். அந்த ஒரு வார்த்தைக்காகத் தொழிற்சாலையே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

கேப்டனுக்குத் தலைகால் புரியவில்லை. ஓட்டமும் நடையுமாக ஜாக்கியின் வீட்டுக்கே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தார்.

"டேய் ஜாக்கி, நம்ம காலம் வந்துடுச்சுடா! அம்மா பார்க்கணும்னு சொல்லிட்டாங்க. கண்ணாடி ரூம்ல இருக்கிற நம்ம வண்டியை வெளிய எடுத்து, நம்ம பழைய ஆளுங்களை வச்சு, முற்றத்துலயே ஒரு தடவை சக்கரம் மாத்திக் காட்டப் போறோம். அதைப் பார்த்துட்டு முடிவு பண்றாங்களாம். உன் பேரைச் சொல்லித்தான் பேசியிருக்கேன். எங்ககிட்ட ஒரு ஆள் இருக்கான், மலை வந்து மோதினாலும் நகர மாட்டான்னு சொல்லியிருக்கேன்!"

ஜாக்கி கையிலிருந்த ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தார். "எனக்கு வயசாயிடுச்சு கேப்டன்" என்றார் பலவீனமாக.

"உனக்கா? போடா! தொப்பையை மட்டும் கொஞ்சம் உள்ள இழு. மத்தபடி நீ அப்படியேதான்டா இருக்கே." கேப்டன் மெஷினுக்குப் பின்னாலிருந்த மனைவியைப் பார்த்தார். "என்னம்மா, அனுப்புவீங்கல்ல?"

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. "அவர் இஷ்டம்" என்றாள் அவள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் தம்பிக்கு அந்த அளவு அடக்கம் எல்லாம் கிடையாது. மச்சினனுக்கு வாய்தான் உடம்பிலேயே பெரிய உறுப்பு. மறுநாள் விடிவதற்குள், எங்க மாமாவை வச்சுத்தான் கம்பெனியே ரேஸுக்குப் போகுது என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டான். முடி வெட்டுகிறவர் ஜாக்கியிடம் கூலி வாங்க மாட்டேன் என்றார். எதிர்வீட்டுக்காரர் வணக்கம் வைத்தார். போதாததற்குச் சின்ன மகள், பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள் என்று வந்து நின்றாள். எப்படிச் சொல்வது? அத்தனை பேர் முன்னால், எனக்குப் பயமாக இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? அந்த அசையாமை போய்விட்டால் தன்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. கம்பெனி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பிழைத்தோம். வேண்டும் என்றால் ஒன்று காலை ஒடித்துக்கொள்ள வேண்டும், இல்லை ஊர் பார்க்க ஒதுங்கி மானம் போக வேண்டும். பகல் முழுக்க அவர் மனசுக்குள் ஒரே வேண்டுதல்தான். வேண்டாம்னு சொல்லுங்க தாயே, வேண்டாம்னு சொல்லுங்க.

ஒத்திகை ஆரம்பித்தது. பழைய ஆட்கள் மறுபடி ஒன்று சேர்ந்தபோது முற்றம் கல்யாண வீடு மாதிரிதான் இருந்தது. ஒருவனுக்குத் தலை வழுக்கை, ஒருவனுக்கு மூக்குக் கண்ணாடி, எல்லோருக்கும் வாய் மட்டும் பழையபடி. கேப்டன் தன்னுடைய பழைய சட்டங்களை ஞாபகப்படுத்தினார். அவருடைய சட்டங்களில் இரண்டை மட்டும் உயிர் போனாலும் மீறக் கூடாது. ஒன்று, கார்தான் ஜாக்கியைத் தேடி வர வேண்டும், ஜாக்கி காரைத் தேடிக் கோட்டைத் தாண்டக் கூடாது. இன்னொன்று, வண்டி ஒரு முறை நின்றுவிட்டால், ஜாக்கி கை தூக்கிக் காட்டும் வரை ஓட்டுநர் அதை இம்மியும் நகர்த்தக் கூடாது. முன்னொரு காலத்தில் வேறு குழுவில் ஒரு ஓட்டுநர் இன்னும் கொஞ்சம் முன்னால் போகலாமே என்று நகர்த்தி, ஒருவன் பாதத்தின்மேல் சக்கரத்தை ஏற்றிவிட்டான். அதிலிருந்து கேப்டன் இந்த இரண்டையும் எல்லோர் ரத்தத்திலும் ஏற்றி வைத்திருந்தார்.

இன்ஜினைச் சரிபார்த்துக்கொண்டிருந்ததால் ஒத்திகையில் காரைக் கையால்தான் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தள்ளி வருகிற காருக்கு யார் பயப்படுவார்கள்? ஜாக்கி பாறை மாதிரி நின்றார். "பாத்தீங்களாடா!" என்று கேப்டன் பூரித்துப் போனார். ஜாக்கிக்கு மட்டும் உள்ளே குளிர்ந்துகொண்டே வந்தது.

ஓட்டுநர் காட்சி நாளன்றுதான் வந்தார். ஸ்கூலை விட்டுவிட்டு வர முடியவில்லையாம். ஒரு காலத்தில் சுவர்களில் ஒட்டியிருந்த முகம் அது. இப்போது முன் தலை நரைத்து, சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு, யாரோ ஆசிரியர் மாதிரி வந்து நின்றார். ஜாக்கியைப் பார்த்துச் சிரித்தார். இவரும் சிரித்தார். இரண்டு சிரிப்பிலும் சுரத்து இல்லை, ஆனால் அதைக் கவனிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

இயக்குநர்கள் நாற்காலிகளில் வந்து உட்கார்ந்தார்கள். முதலாளியம்மா நடுவில். பின்னால், சுவரோரம், மாடிப்படிகளில் என்று தொழிற்சாலையே கூடியிருந்தது. முற்றத்தின் கோடியிலிருந்து இன்ஜின் உறுமியது. அத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்டதும் கூட்டம் ஓவென்று கத்தியது. ஜாக்கி கோட்டுக்கு இந்தப் பக்கம் பிடியை இறுக்கிக்கொண்டு நின்றார். உள்ளங்கை வழுக்கியது.

கார் வந்தது. நேரே வந்தது. அதன் மூக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. நில்லுடா, நில்லுடா என்று தன் காலைப் பார்த்து மனசுக்குள் கத்தினார். இடது குதிகால் அவர் பேச்சைக் கேட்காமல் மேலே எழும்பிவிட்டது. அவ்வளவுதான், போச்சு, மானம் போச்சு என்று நினைத்த அந்த வினாடியில் கிறீச்சென்று பிரேக் சத்தம் கேட்டது.

கார் நின்றுவிட்டது. கோட்டில் அல்ல. கோட்டுக்கு நன்றாக முன்னால், ஜாக்கிக்கு எட்டாத தூரத்தில், நடு முற்றத்தில் அம்போ என்று நின்றது.

சக்கரம் கழற்றுகிற கருவிகளைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்த ஆட்கள், தங்களுக்கு முன்னால் இருக்க வேண்டிய சக்கரத்தைக் காணாமல் வெறும் காற்றைப் பார்த்தபடி இருந்தார்கள். ஜாக்கி கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டவில்லை. ஓட்டுநர் ஜாக்கி கை தூக்கும் வரை நகரக் கூடாது. நகரவில்லை. காரைத் தூக்கி இறக்காமல் ஜாக்கி கை தூக்கவும் கூடாது. தூக்கவில்லை. இன்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. இவர் அவரைப் பார்த்தார், அவர் இவரைப் பார்த்தார். வேறு எந்த மனிதர்களாக இருந்தாலும் ஒரு அடி முன்னே வந்து காரியத்தை முடித்திருப்பார்கள். கேப்டன் வளர்த்த பிள்ளைகளால் அது முடியாது.

முதலாளியம்மா பக்கத்தில் இருந்தவரிடம் இன்ஜின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திக் கேட்டார். அது எல்லோருக்கும் கேட்டது. "எதுக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க?"

மாடிப்படியில் யாரோ ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். அது தொற்றிக்கொண்டது. கேப்டனின் முகத்தில் ஈயாடவில்லை. அவர்தான் கடைசியில் அடித்தொண்டையில் கத்தினார்: "தள்ளுங்கடா! தள்ளித் தொலைங்கடா!"

காரைப் பின்னாலிருந்து தள்ளிக் கோட்டுக்குக் கொண்டு வந்தார்கள். பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஜாக்கி தூக்கினார், சக்கரங்கள் கழன்றன, மாட்டின, இறக்கிக் கை காட்டினார், கார் சீறிக்கொண்டு போனது. இயக்குநர்கள் மரியாதைக்குக் கை தட்டினார்கள். முதலாளியம்மா எதுவும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு, வண்ணம் அடிக்கும் கொட்டகைக்குப் பின்னால், காலி டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார் ஓட்டுநர். ஜாக்கி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னாச்சுடா?" என்றார் ஜாக்கி.

"பழக்கம்டா." ஓட்டுநர் தன் வலது காலைத் தட்டிக் காட்டினார். "எங்க ஸ்கூல் வண்டியில எனக்குத் தனியா ஒரு பிரேக் இருக்கு. தினமும் புதுசா ஓட்டக் கத்துக்கிறவங்க பக்கத்துல உட்கார்ந்து, எதிர்ல ஒரு ஆள் தெரிஞ்சாலே மிதிச்சுடுவேன். மிதிச்சு மிதிச்சு கால் அப்படியே ஆயிடுச்சு. இன்னைக்கு எதிர்ல நீ தெரிஞ்சே. மிதிச்சுட்டேன்." சட்டைப் பையிலிருந்த பேனாக்களைச் சரிசெய்துகொண்டார். "நான் நிறுத்தலேன்னா நீ நின்னிருப்பியா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தார் ஜாக்கி. "தெரியலடா" என்றார். "குதிகால் கிளம்பிடுச்சு."

ஓட்டுநர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தார்கள். யாராவது பார்த்திருந்தால் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் சிரித்து முடித்ததும் ஜாக்கியின் மனசில் புதுக் கவலை ஏறி உட்கார்ந்தது. முடிவு இன்னும் வரவில்லை. போகலாம் என்று சொல்லிவிட்டால் ஒவ்வொரு பந்தயத்திலும் இந்தக் குதிகாலோடு நிற்க வேண்டும். அடுத்த தடவை காரை ஓட்டப் போகிறவன் டிரைவிங் ஸ்கூல் வாத்தியாராக இருக்க மாட்டான், இளங்காளையாக இருப்பான்.

முடிவு மறுநாள் மதியம் வந்தது. எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் கூடச் சொன்னார்கள். தட்டுகளைக் கூட எடுக்காமல் ஆட்கள் மேஜைகளைச் சுற்றி நின்றார்கள். முதலாளியம்மா ஒலிபெருக்கியைக் கையில் வாங்கிக்கொண்டு, சுற்றி வளைக்காமல் பேசினார்.

"நேத்து காட்டினதுக்கு உங்க எல்லாருக்கும் நன்றி. ரொம்ப நாளைக்கு அப்புறம் அந்தச் சத்தத்தைக் கேட்டது எனக்கும் சந்தோஷமா இருந்துச்சு. ஆனா நாம ரேஸுக்குத் திரும்பப் போகல. நம்ம கார் வீட்டுக்குப் போற கார். அதையே நல்லா செய்வோம். அவ்வளவுதான்."

நேற்றைய கூத்து அந்த முடிவுக்குக் காரணமா இல்லையா என்று அவர் சொல்லவில்லை. இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. ஜாக்கிக்கு அதெல்லாம் காதில் விழவே இல்லை. போகல என்ற சொல் விழுந்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்பாடா! எத்தனை நாளாக மார்பின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது, அந்த ஆள் எழுந்து போய்விட்டான். பக்கத்திலிருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

கூடத்தில் இருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். பார்த்து, அவரவர் அறிவுக்கு எட்டியபடி புரிந்துகொண்டார்கள்.

"பாவம், மனுஷன் உடைஞ்சு போயிட்டாரு" என்றது ஒரு குரல். ஒருத்தி தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். முன்பின் பேசாத கணக்குப் பிரிவுக்காரர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கேப்டன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஜாக்கியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். "விடுடா, விடுடா, நமக்குக் கொடுத்து வைக்கலடா" என்று அவர் தேம்பத் தேம்ப, ஜாக்கியும் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தபடி அழுதார். ஒருவர் துக்கத்தில், ஒருவர் நிம்மதியில். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அழுகைதான். கேப்டனுக்குத் துரோகம் செய்கிறோமோ என்று ஒரு முள் குத்தாமல் இல்லை. அந்தப் பிரியமான கிழவனுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று ஜாக்கிக்குத் தெரியும். ஆனாலும் உடம்பு முழுக்கப் பரவிய அந்த லேசான உணர்வை அவரால் நிறுத்த முடியவில்லை.

சாயங்காலம் வரைக்கும் துக்க விசாரிப்புதான். மேலதிகாரி, "நீங்க வீட்டுக்குப் போங்க, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று சீக்கிரமே அனுப்பிவிட்டார். வெயிலில் தெருவில் நடக்கும்போது விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. எதிரே தெரிந்தவர்கள் வந்ததால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

வீட்டில் மெஷின் ஓடவில்லை. மனைவி அறை நடுவில், தைத்த சட்டைகளுக்கு நடுவே, சும்மா உட்கார்ந்திருந்தாள். செய்தி அவளுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. தெருவில் அத்தனை வாய் இருக்கும்போது வராமல் என்ன செய்யும்?

"கேள்விப்பட்டேன்" என்றாள். "போகலையாமே."

"ஆமா."

"உட்காருங்க. தண்ணி தரட்டா?" அவள் குரல் இதமாக இருந்தது. இழவு வீட்டில் பேசுகிற குரல். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. தொழிற்சாலையில் அத்தனை பேரை ஏமாற்றிவிட்டு வந்தாயிற்று, இவளையுமா?

"நீ ஆறுதல் சொல்லாதே" என்றார். "எனக்குச் சந்தோஷம்தான். பயமா இருந்துச்சு. ஒரு வருஷமாவே எனக்கு ஓடி வர்ற காரைக் கண்டா பயம். மனசு நின்னாலும் கால் நிக்க மாட்டேங்குது. நேத்து அவன் பிரேக் போடலேன்னா நான் ஓடியிருப்பேன்." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நிமிர்ந்து பார்த்தார். அவள் முகம் சிவந்திருந்தது. பக்கத்தில் கிடந்த சட்டையைச் சுருட்டி அவர்மேல் வீசினாள். அடுத்து இன்னொன்று.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? ஒரு வருஷமா தூக்கத்துல காலை இழுத்து இழுத்து என் முழங்காலை உதைக்கிறீங்க. யாருக்கிட்டயிருந்து ஓடுறீங்கன்னு எனக்குத் தெரியாதா? இன்னைக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். கேப்டன் வந்து கேட்டாரே, அன்னைக்காவது வாயைத் திறந்தீங்களா? நீங்க வேண்டாம்னு சொல்லணும்னு அங்க உட்கார்ந்து நான் செத்துக்கிட்டிருந்தேன்!"

"நீதான் என் இஷ்டம்னு சொன்னே."

"பின்ன என்ன சொல்றது? புருஷனுக்குப் பயமாயிருக்குன்னு நான் சொன்னா, உங்க மூஞ்சியை எங்க கொண்டு போய் வச்சுக்குவீங்க?"

"அதான்" என்றார் அவர். "அசையாத ஆள்னு சொல்லித்தானே எல்லாரும்... நீயும் அதுக்குத்தானே..."

"யாரு? நானா?" அவள் எழுந்து நின்றாள். குரல் இறங்கிவிட்டது. "சின்னவ பொறந்தன்னைக்கு எனக்கு வலி தாங்கல. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. உங்களுக்குச் சொல்லி அனுப்பினாங்க. பந்தயம் முடியட்டும்னு சொல்லிட்டு அங்கேயே நின்னீங்க. அசையல. எல்லாரும் மெச்சினாங்க, என் தம்பி உட்பட. நான் மெச்சல. அந்த அசையாத ஆளோட குடும்பம் நடத்தினது எனக்குப் போதுங்க. இப்ப இருக்கிறவரு பயப்படுறாரு, பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்கு வர்றாரு. எனக்கு இவரைத்தான் பிடிச்சிருக்கு."

அந்த நாளைப் பற்றி இத்தனை வருஷத்தில் அவள் பேசியதே இல்லை. பேசாததால் மறந்துவிட்டாள் என்று இவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவள் கையைப் பிடித்தார். "தப்புதான்டி" என்றார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அழுதாள், நடுவில் சிரித்தாள், மறுபடி அழுதாள், முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் மச்சினன் வந்து நின்றான். முகத்தை முழம் நீளத்துக்குத் தொங்கப் போட்டிருந்தான். அழுத கண்ணோடு அக்காவையும் மாமாவையும் பார்த்ததும், எதிர்பார்த்தது சரியாக இருந்ததில் அவனுக்கு ஒரு திருப்தி வேறு.

"மனசை விடாதீங்க மாமா" என்று ஆரம்பித்தான். "உங்க அருமை அவங்களுக்குத் தெரியல. தெருவுல எல்லாரும் அதைத்தான் பேசிக்கிறாங்க. மாமா மட்டும் போயிருந்தா..."

"மாப்ளே" என்றார் ஜாக்கி. "நான் போயிருந்தா முதல் பந்தயத்துலயே ஓடி வந்திருப்பேன். எனக்குக் கார்னா பயம். கம்பெனி போகலைன்னு சொன்னதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. கேன்டீன்ல சந்தோஷத்துலதான் அழுதேன்."

மச்சினன் வாயைத் திறந்தபடி அக்காவைப் பார்த்தான். அக்கா ஆமாம் என்று தலையாட்டினாள்.

"விளையாடாதீங்க மாமா."

"விளையாடல. போய் சொல்லு. முடி வெட்டுறவர்கிட்டயிருந்து ஆரம்பி. கேப்டன்கிட்ட மட்டும் சொல்லாத, அதை நாளைக்கு நானே போய்ச் சொல்லிக்கிறேன்."

மச்சினன் வாசற்படியிலேயே நின்றான். பிறந்ததிலிருந்து கிடைத்த சேதியில் இதுதான் பெரிய சேதி. ஆனாலும் எப்படி எடுத்துச் சொல்வது என்று அவனுக்கே பிடிபடவில்லை. ஒரு முறை தெருவைப் பார்த்தான், ஒரு முறை மாமாவைப் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கீழே கிடந்த சட்டைகளை ஓரமாக நகர்த்திவிட்டு உட்கார்ந்தான்.

"எனக்கும் உயரம்னா பயம் மாமா" என்றான் மெதுவாக. "அக்காவுக்குக் கூடத் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள், அடுக்களைக்குப் போய்க்கொண்டே. "ரெண்டு பேரும் கையைக் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."